யோகனை நீக்கிய தீர்மானம்

நவம்பர் 9, ஞாயிறு

விடியற்காலையில் இருந்தே பனியும் மழையும் கலந்து கொட்டல். கூட்டறிக்கையின் தமிழாக்கம் பாதியில் நிற்கிறது. பருப்பு, பூட்ஸ் வாங்க வேண்டும்.

ரொறன்ரோ இணையதளம் ஒன்றில் பெயரில்லாத கட்டுரை. என்னைப் பற்றி. 'ஸ்டாலினிசத்துக்கு எதிராகக் கியூபெக் இடதுசாரிகளுடன் சேர்ந்து அறிக்கை விடும் இந்த எழுத்தாளர், அன்று ஊரில் இயக்கத்தில் இருந்தபோது தோழர் சிவத்தை உளவாளி என்று சாட்டிய தாளில் கையெழுத்து வைத்தவர்.'

உண்மை. மூன்றாம் நாள் இயக்கம் சிவத்தைச் சுட்டுக் கொன்றது.

இதை நான் சொன்னது ஒரே ஒரு இடத்தில். போன மாசி, யோகன் வீட்டுக் குசினியில், எங்கள் வாசகர் வட்டக் கூட்டம் முடிந்து அடுப்படியில் நின்று பிளேன்ரீ குடிக்கையில். யோகன் பழைய மொஸ்கோ சார்புக் கட்சிக்காரர். திருந்திவிட்டேன் என்கிறார். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

நவ. 11, செவ்வாய்

மெட்ரோவில் யோகன். நான் வாய் திறக்க முதலே, "கட்டுரை பாத்தனீரோ? ஆர் எழுதியிருப்பினம்?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். போனைக் கவிழ்த்து மடியில் வைத்திருந்தார். ஏன் கவிழ்க்க வேண்டும்?

கூட்டறிக்கையில் முதல் பெயர் என்னுடையது. கியூபெக்கின் பிரெஞ்சுத் தோழர்கள் இதைக் கேள்விப்பட்டால் அதோடு சரி. இருபது வருட எழுத்தும் போகும். பயமாகத்தான் இருக்கிறது.

நவ. 16, ஞாயிறு

தேவி வீட்டில் கூட்டம். வட்டத்தின் ஐந்து பேரும் வந்தோம். யோகனை வட்டத்திலிருந்து நீக்கும் தீர்மானத்தைக் காலையில் பத்து நிமிடத்தில் எழுதியிருந்தேன். ஒரு சொல் அடித்துத் திருத்தவில்லை. 'நம்பிக்கைத் துரோகம்', 'ஊடுருவல்', எல்லாம் தானாக வந்தன.

யோகன் ஒன்றுதான் கேட்டார். "ஆதாரம் என்னெண்டாவது சொல்லுங்கோவன்."

"தோழருக்குத் தெரியும்," என்றேன்.

நாலு கை உயர்ந்தது. அவர் வாசலில் குனிந்து பூட்ஸ் போட நெடுநேரம் எடுத்தார். வடை மிஞ்சிப் போனது.

நவ. 18, செவ்வாய்

தேவிதான் எங்கள் கூட்டக் குறிப்பு எழுதுபவர். ஞாயிறு குறிப்பில் ஒப்பம் வைக்கச் சொல்லிக் கோப்பைக் கொண்டுவந்தார். சும்மா பின்னால் புரட்டினேன். மாசி மாதக் குறிப்பு. விடயம் ஐந்து, சுயவிமர்சனம்: சிவம், தாள், கையெழுத்து. குசினியில் நான் சொன்னது முழுக்க. கீழே என் ஒப்பம். வாசிக்காமல் வைத்திருக்கிறேன்.

"கூட்டம் முடிஞ்சுது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை. நானும் அங்கதானே நிண்டனான், எழுதினன்."

"ஆருக்கு அனுப்பினீர்?"

"எப்பவும் போல பாரிஸ் வட்டத்துக்கும் ரொறன்ரோ வட்டத்துக்கும். எங்கட வட்டத்தில ஒளிவுமறைவு இல்லையெண்டு முடிவெடுத்தனாங்களெல்லோ?"

அந்த முடிவைக் கொண்டுவந்ததும் நான்தான். வெட்கம்.

நவ. 19, புதன்

யோகனுக்குப் போன். மூன்றாம் தரம் எடுத்தார். குறிப்பு, தேவி, ரொறன்ரோ எல்லாம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

"சரி, விடும்," என்றார். "ஒண்டு கேக்கட்டே? சிவம் உளவாளி இல்லை எண்டு உமக்கு எப்ப தெரிஞ்சது?"

"கையெழுத்து வைக்கேக்கயே தெரியும்," என்றேன்.

இதை அந்தக் குசினியிலும் நான் சொல்லவில்லை.