தோள்பட்டை இரண்டரை இன்ச்

பருத்திப்பட்டு,
ஆவணி 6, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் செல்வகுமாருக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, வெள்ளானூரில் உன் அக்கா யுவராணி வீட்டார் எல்லோரும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று போனில் சொல்கிறாய், அதை நம்பலாமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். முகம் பார்த்துப் பேசும்போது எதற்குத் தபால் என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், நான் ஒன்று கேட்டால் நீ ரசம் வைத்த கதையைச் சொல்லி நழுவி விடுகிறாய். உன் அம்மா சரசாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, ஆனால் லிஃப்ட் இருபது நாளாக ஓடாததால் மூன்று மாடி ஏறி இறங்குகிறாள். பார்ட் வரவேண்டும் என்கிறார் செகரட்டரி, என்ன பார்ட் என்று கேட்டால் பெயர் சொல்லத் தெரியவில்லை, எனக்கு அதிலும் சந்தேகம்தான். ஏரிக்கரை நடையை நான் விடவில்லை. மாத்திரை மறக்காமல் போடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தாமிரக் கழுகு படத்தின் நாலாம் பாகத்துக்குப் புது நடிகர் என்று கம்பெனியே அறிவித்து விட்டது. நீ ஏழாவது படிக்கும்போது முதல் பாகத்தைத் தமிழ் டப்பிங்கில் அம்பத்தூரில் பார்த்துவிட்டு வந்தோமே, அன்றிலிருந்து அந்தக் கழுகுக்கு உன்னைவிடப் பெரிய ரசிகன் நான்தான் என்று உனக்கே தெரியும். பழையவர் ‘சொந்தக் காரணங்களால்’ விலகினாராம். அம்பத்தூர் எஸ்டேட் ஃபாக்டரியில் முப்பத்தொரு வருஷம் இருந்தவனிடம் இந்தக் கதை எடுபடாது, எத்தனை பேரிடம் அப்படி எழுதி வாங்கியதைப் பார்த்திருக்கிறேன், அது எப்போதும் கம்பெனியின் சொந்தக் காரணம். அவர் இடத்துக்கு வந்திருக்கிற குறுந்தாடிக்காரரைப் பார்த்தால் வில்லனிடமே டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பார் போலிருக்கிறது. அறிவிப்போடு வந்த படத்திலும் அவரை இடுப்புக்கு மேலே மட்டும் காட்டியிருக்கிறார்கள், கீழே பெட்டி போட்டு நிற்க வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். வில்லியாகப் போடப்போவது யாரென்று இன்னும் மூடி வைத்திருக்கிறார்கள், அதுவும் டிக்கெட் விற்பதற்கு முன் ஒரு பரபரப்பு வேண்டும் என்றுதான்.

இதெல்லாம் எழுதத்தான் பேனாவை எடுத்தேன் என்று நினைக்காதே, சொல்லத் தயங்கிக்கொண்டு சுற்றி வளைக்கிறேன். வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ ரொம்ப அலுப்பாக இருந்தாய், கண் சிவந்திருந்தது. என்னடா என்று கேட்டதற்கு, ‘கவசத்தோட தோள்பட்டையை ரெண்டரை இன்ச் குறைக்கச் சொல்லிட்டாங்கப்பா, மூணு மாச வேலை மொத்தமும் திரும்பப் பண்றோம்’ என்றாய். உன் ஸ்டூடியோவில் கழுகாக நடிப்பவரின் உடம்பை அளந்து கம்ப்யூட்டரில் கவசம் மாட்டுகிற வேலை உன்னுடையது. அதைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே போகக்கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாய், அதுவும் எனக்குத் தெரியும். நீ யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் நான் பீஸ்களை அளந்து பார்க்கிற இன்ஸ்பெக்ஷன் டேபிளில் நின்றே ரிட்டயர் ஆனவன். தொப்பை குறையும், கன்னம் வற்றும், தோள் எலும்பு எப்படியடா குறையும். அளவு மாறினால் பீஸே வேறு, ஆளே வேறு. அப்போது மூன்று நடிகர்களின் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. மூன்று பேரும் கார் கதவு பக்கத்தில் நிற்கிற படங்களைத் தேடி எடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து, கதவின் அளவோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டேன், குறுந்தாடிக்காரருக்குத்தான் சரியாக விழுந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கீழ் வீட்டு பிரசன்னா நடத்துகிற ‘ஆவடி கழுகுப் படை’ என்ற வாட்ஸ்அப் குரூப்பில், ‘ஆள் மாறியாச்சு, குறுந்தாடிதான், தோள்பட்டை இரண்டரை இன்ச் குறைவு, என் மகன் அங்கேதான் வேலை செய்கிறான்’ என்று எழுதிவிட்டேன்.

அது எங்கெங்கோ போயிருக்கிறது. யூடியூபில் ஒருவன் அந்த இரண்டரை இன்ச்சை அப்படியே சொல்லி, ‘சென்னைக் குடும்ப வட்டாரத் தகவல்’ என்றான். குடும்ப வட்டாரம் நான்தான். பதினொரு நாள் கழித்துக் கம்பெனி அறிவித்ததும் குரூப்பில் எனக்கு ஒரே மாலை மரியாதை. என்னோடு ஒரே ஷெட்டில் வேலை பார்த்த கஜபதி ஏரிக்கரையில் டீ வாங்கிக் கொடுத்து, ‘இன்னா தங்கவேலு, சினிமா கம்பெனியே உன் ஊட்லதான் கீது போல’ என்று முதுகில் தட்டினான். எனக்குத் தலைகால் புரியவில்லை, பொய் சொல்லமாட்டேன். பாதி டீயில் அவனே, ‘நைனா, இதுனால உன் புள்ளைக்கு ஒண்ணும் வராதுல்ல’ என்று கேட்டான். மீதி டீயைக் குடிக்க முடியவில்லை.

அன்றிலிருந்து உன்னைக் கவனித்துக்கொண்டு வருகிறேன். முன்பு ஞாயிறு மட்டும் கூப்பிடுவாய். ஆடி பிறந்ததிலிருந்து செவ்வாய், வியாழன் என்று எப்போது வேண்டுமானாலும் வருகிறாய். இங்கே மாலை ஏழரை என்றால் மாண்ட்ரியலில் காலை பத்து, அந்த நேரத்தில் கைலியோடு சோபாவில் இருக்கிறாய். கேட்டால் வீட்டிலிருந்தே வேலை என்கிறாய். போனைக்கூட வாசலில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள் என்று சொன்னது நீதானே, அப்படிப்பட்டவர்கள் கவசத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்களா. கழுத்தில் தொங்குகிற அட்டையைக் காணோம். இதற்கெல்லாம்கூட ஏதாவது சமாதானம் சொல்லிக்கொண்டேன். போன வாரம் வேண்டுமென்றே உன்னிடம் வில்லி யார் என்று கேட்டேன். எப்போதும் ‘அதெல்லாம் கேட்காதீங்கப்பா’ என்று எரிந்து விழுவாய். இந்தத் தடவை அமைதியாக, ‘தெரியலப்பா’ என்றாய். நீ சொன்னது நிஜம் என்று உன் முகத்தில் தெரிந்தது. உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ அங்கே இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது குமாரு. வெட்கமாகவும் இருக்கிறது. வேலை இல்லாமல் அந்த ஊரில் எத்தனை நாள் இருக்க விடுவார்கள் என்று யாரிடமும் கேட்கவும் முடியவில்லை, கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன். பிரசன்னா படியேறி வந்து ஏன் அங்கிள் என்று கேட்டதற்குக் கண்ணில் கோளாறு என்று சொல்லி அனுப்பினேன்.

இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன், உங்கள் ஆபீசுக்கு எழுதியது. இங்கிலீஷ் சுமார்தான், யாரிடமும் காட்டித் திருத்தவில்லை, இதாவது வெளியே போகாமல் இருக்கட்டும். என் மகன் எந்த நடிகரின் பெயரையும் சொல்லவில்லை, அலுப்பில் ஓர் அளவைச் சொன்னான், அதைக் கேட்டதும் பெயரைக் கண்டுபிடித்ததும் ஊரெல்லாம் பரப்பியதும் நான், தண்டனை எனக்கு என்று எழுதியிருக்கிறேன். எங்கள் ஷெட்டில் தப்பான பீஸ் வெளியே போனால், பாஸ் என்று கையெழுத்துப் போட்டவனைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். நானும் இரண்டு தடவை போய்த் தலை குனிந்து நின்றிருக்கிறேன், செத்துப்போய்விடவில்லை. அதனால் அப்பாவுக்கு அவமானம் என்று இதை மடித்து உள்ளே வைத்துக்கொள்ளாதே, உன் மேலதிகாரி கையில் கொடு. உன்னைத் திரும்ப எடுப்பார்களோ மாட்டார்களோ, உன் பெயரையாவது சுத்தமாக எழுதிக் கொடுக்கட்டும். வேலை போகவில்லை, எல்லாம் என் கற்பனை என்றால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரி.

எதுவானாலும் அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், அந்தப் பாரத்தையும் நீ சுமக்க வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு, குளிர் ஆரம்பித்ததும் காதை மூடிக்கொண்டு வெளியே போ. உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் சாமியிடம் கேட்கிறேன். கடிதம் கிடைத்ததும் பதில் சொல்ல நேரமில்லை என்று மட்டும் சொல்லாதே, உனக்கு இப்போது நேரம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் நான் கேட்பதே. அம்மா போனுக்கு வேண்டாம், என் போனுக்குக் கூப்பிடு. நீ பேசி முடிக்கும்வரை நான் குறுக்கே பேசமாட்டேன்.

உன் அப்பா,
மு. தங்கவேல்