காற்றுக்குழாயில் கிடந்த சிவப்புக்கரைத் துண்டு

என் பிரியமான மச்சான் பழனியப்பனுக்கு,

மேட்டூர் அணை நிரம்பி, நம் பக்கத்துக் கோழிகளை வெள்ளைக்கழிச்சல் வாரிக்கொண்டு போய், பஞ்சாயத்து ஆபீசுக்கு முதல் டிவி வந்ததே, அந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? நான் சொல்லச் சொல்லப் பேத்தி கவிதா எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்தே பெருவிரல்தான் என்பது உனக்குத் தெரியாததா?

ஆயுத பூஜை முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நான் பண்ணைக்காரரின் டீசல் காருக்கு டிரைவர். அவர் மகள் சரோஜாவுக்குச் சேலத்தில் காலை பத்து மணிக்கு நர்ஸ் படிப்புக்கு நேர்காணல். அவர் அரை மனதாகத்தான் கிளம்பினார். "இன்னிக்குத் தவறுச்சுன்னா படிப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். தை மாசம் கல்யாணந்தான்" என்று சொல்லிவிட்டார். நாமக்கல்லில் பட்டறை வைத்திருந்த நீ, சேலத்தில் சாமான் வாங்கவென்று என் பக்கத்தில் ஏறிக்கொண்டாய்.

ராசிபுரம் தாண்டி முதல் மேட்டிலேயே கார் படுத்துக்கொண்டது. மிதியைத் தரையோடு அழுத்துகிறேன், மாட்டுவண்டி முந்திக்கொண்டு போகிறது.

"ஏப்பா பழனி, போன வாரந்தானே நீ வேலை பார்த்த?" என்றார் பண்ணைக்காரர்.

"பாத்தனுங்க."

"பாத்த லட்சணம் இதுதானா?"

சரோஜா கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ இறங்கிப் பின்னால் போய்ப் புகையைப் பார்த்தாய். "கரும்புகை. டீசல் வயிறு நெறையப் போவுது மாப்ள, காத்துத்தான் பத்தல" என்று என் காதில் சொல்லிவிட்டு முன்மூடியைத் தூக்கினாய். காற்று வடிகட்டியின் வாயில் என் சிவப்புக்கரைத் துண்டு பாதி உறிஞ்சப்பட்டுக் கிடந்தது! பூஜைக்கு எஞ்சினைக் கழுவும்போது தண்ணீர் போகாமல் நான் அடைத்தது. எடுக்க மறந்தே போனேன். ஊருக்குள் மெதுவாக ஓட்டியதில் தெரியவில்லை.

என் உயிர் போய்விட்டது. நீ துண்டை உருவி இடுப்பில் செருகினாய்.

"என் தப்புங்க. வேலை செஞ்சப்பத் துணிய விட்டுட்டனுங்க" என்று நீ பண்ணைக்காரரிடம் சொன்னாய்.

அவர் திட்டியதை இங்கே எழுத வேண்டாம், பிள்ளை எழுதுகிறாள். ஆனால் கார் பறந்தது. பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சரோஜா படியேறினாள். அந்தக் கார் அதற்கப்புறம் உன் பட்டறைக்கு வரவேயில்லை.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "உன்ற வேலை போனா எந்தங்கச்சி நேரா எங்க ஊட்டுக்கு வந்து உக்காந்துக்குவா. அவ வாய்க்கு எவன் பதில் சொல்றது?" என்றாய். அந்தத் துண்டைப் பட்டறை ஆணியில் மாட்டி, நான் வரும்போதெல்லாம் அதில் மூஞ்சி துடைத்துக் காட்டினாயே, மறக்குமா?

இப்போது எதற்கு இது? போன மாதம் கவிதாவின் டீசல் கார் மேட்டில் அப்படியே படுத்தது. காற்றை அமுக்கி எஞ்சினுக்கு ஊட்டிவிட டர்போ என்று ஒன்று இப்போது வந்திருக்கிறது. டர்போவே போச்சு, மாற்ற வேண்டும் என்று பட்டறையில் பயமுறுத்தினார்கள். கடைசியில் டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயை எலி கடித்திருந்தது! காற்றெல்லாம் வழியிலேயே போய்விட்டது. நான் சிரித்த சிரிப்பில் இவள் பயந்துபோனாள். பிறகுதான் முதன்முதலாக இவளிடம் உண்மையைச் சொன்னேன்.

உன் கருமாதியில்கூட, "பழனி மாமாதான் துணிய மறந்து என்னைப் பதற வெச்சாருங்க" என்று சொல்லி ஒருத்தி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன், மச்சான். சிரித்திருக்கலாமா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை கவிதாவின் காரிலேயே சேலம் அஸ்தம்பட்டியில் அவள் வீட்டுக்குப் போகிறேன். மறந்தவன் நீயில்லை, நான்தான் என்று சொல்லிவிட்டுத்தான் காபி குடிப்பேன். பண்ணைக்காரர் போய்விட்டார், நீயும் போய்விட்டாய். அன்று அந்தக் காரில் வந்தவர்களில் நான் சொல்லிக் கேட்க இன்னும் இருப்பவள் ஒருத்திதான், சரோஜா.

இப்படிக்கு,
உன் தங்கச்சி வாய்க்கு இன்றும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்
உன் மாப்பிள்ளை