ஆனியில் வெளிக்கிட்ட பெட்டி

ஆனி 14, திங்கள்

சோழகக் காற்று தொடங்கிவிட்டது. விடிந்ததிலிருந்து கதவுகள் தாமாக அடித்துக்கொள்கின்றன. முற்றம் முழுக்க வேப்பஞ் சருகு. கூட்டிய கையோடு மறுபடி சருகு.

இன்று வந்த பட்டதாரிகள் மூவர். ஐயா மலாயாப் பென்ஷனோடு கொக்குவிலுக்கு வந்த நாளிலிருந்து முன் விறாந்தை உத்தியோகச் சாலையாகிவிட்டது. பி.ஏ. படித்துவிட்டு வேலையில்லாமல் நிற்கும் பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிறாராம். வழிகாட்டுவது அவர். விண்ணப்பம் எழுதுவது, நற்சாட்சிப் பத்திரம் திருத்துவது, டைப் அடிப்பது, இன்ரவியூவுக்குக் கேள்வி தயாரிப்பது எல்லாம் மகளான நான். நானும் பி.ஏ.தான். கொழும்பில் விடுதியில் இருந்து படித்தவள். அது தெரிந்துதான் எல்லாரும் இங்கே வருகிறார்கள். ஐயாவுக்குத்தான் அடிக்கடி மறந்துபோகிறது.

சாவகச்சேரிக்காரர் பலாப்பழம் கொண்டுவந்தார். தகப்பனின் தொழில் என்ற இடத்தில் மூவரும் நிலச்சுவாந்தர் என்றே எழுதியிருக்கிறார்கள். ஒருவருடைய தகப்பன் புகையிலைத் தரகர். நல்ல தொழில்தானே? அதை வெட்டிவிட்டு, தரகர் என்று எழுதினேன். ஐயா மறுபடியும் நிலச்சுவாந்தர் ஆக்கினார்.

மத்தியானம் எனக்கும் ஒரு அழைப்பு. கொழும்பில் ஒரு பெண்கள் கல்லூரி, சரித்திரம் படிப்பிக்க. ஆடி 6 வியாழக்கிழமை காலை நேரில் வரட்டாம். தங்க விடுதி உண்டு. மணமாகாதவர்கள் மட்டும். மூன்று தரம் வாசித்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஐயாவிடம் சொன்னேன். "பாப்பம்," என்றார். பலாப்பழம் நல்ல இனிப்பு.

ஆனி 16, புதன்

தலையிடி. இதை எழுதாமல் படுக்க முடியாது.

கரவெட்டியில் ஒரு பி.ஏ. எனக்குப் பேசியிருக்கிறார்கள். (இனி இங்கே க.மா. - கரவெட்டி மாப்பிள்ளை.) அவருக்குக் கொழும்பில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் உதவி அதிகாரி வேலைக்கு இன்ரவியூ, ஆடி 3. வேலை கிடைத்தால் ஆவணியில் கலியாணம். கிடைக்காவிட்டால் பேச்சு அதோடு சரி. உத்தியோகமில்லாத மருமகன் ஐயாவுக்கு வேண்டாம்.

இன்ரவியூவுக்கு அவரைப் பழக்குவது யார்? நான்.

"நீ பழக்கினாத்தானே பிள்ளை, உனக்கு நல்லது," என்றார் ஐயா. பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். ஐயா சிரிக்கவில்லை.

அவர் தேறினால் நான் மணமானவள். மணமானவளுக்கு அந்தக் கல்லூரியில் இடமில்லை. ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தால் என் தலையில் நானே மண் அள்ளிப் போடுகிறேன். பிழையாகச் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் எனக்கு அது வராது. ஒரு வாக்கியம் கோணலாக நின்றாலே கை சும்மா இருக்காது.

பின்னேரம் ஐயாவோடு பேரம். க.மா.வை நான் பழக்கித் தருவது. பதிலுக்கு என்னை அண்ணையோடு கொழும்புக்கு அனுப்புவது. முகத்தைக் காட்டிவிட்டு வருகிறேன், மற்றதைப் பிறகு யோசிப்போம் என்றேன். ஐயா வெற்றிலையை மடித்து முடித்தார்.

"சரி. முதல் அவரின்ரை அலுவல் முடியட்டும்."

'பாப்ப'த்தைவிட இது ஒரு படி மேல்.

ஆனி 20, ஞாயிறு

முதல் நாள் பயிற்சி. பேசிவைத்தவர்கள் தாலி ஏறுமுன் நேருக்கு நேர் கதைக்கக் கூடாது. ஆகவே ஏற்பாடு இப்படி: க.மா. விறாந்தைக் கதிரையில், கோட் போட்டபடி. நான் நடு அறையில், பாதி சாத்திய கதவுக்குப் பின்னால். நிலைப்படியில் அண்ணை. அவர்தான் இன்ரவியூ போர்ட்டுத் தலைவர். நான் கேள்வியை மெதுவாகச் சொல்ல, அவர் அதைத் தலைவரின் குரலில் உரக்கச் சொல்ல வேண்டும்.

காற்று இரண்டு தரம் கதவைத் தள்ளித் திறந்துவிட்டது. இரண்டு தரமும் அம்மா குசினியில் சமையலை விட்டு ஓடிவந்து சாத்தினார். நான் கண்டது: நன்றாகத் துடைத்த சப்பாத்து, முழங்காலில் வைத்த கை.

அண்ணை இங்கிலீசைச் சுருக்கிவிடுகிறார். நாட்டின் வருமானத்தைப் பெருக்குவது எப்படி என்று நான் அழகாக ஒரு கேள்வி அமைத்தால், "காசுக்கு என்ன வழி?" என்று கேட்கிறார். க.மா. திகைத்துப் போனார். அந்தத் தலைவருக்குக் கீழே நானும் வேலை பார்க்க மாட்டேன்.

பிறகு எல்லாப் போர்ட்டும் கேட்கும் கேள்வி: இந்த உத்தியோகம் உமக்கு ஏன் வேண்டும்?

க.மா. தமிழில், "தங்கச்சிமார் ரெண்டு பேர் இருக்கினம்."

"உந்தப் பதிலைப் போர்ட்டிலை சொல்லேலாது," என்றார் அண்ணை.

"உண்மை அதுதானே அண்ணை."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கவலையாக இருந்தது. அந்தக் கேள்விக்கு நல்ல பதிலாக ஒன்று எழுதி அண்ணையின் கையில் கொடுத்துவிட்டேன். பொதுச்சேவை, கடமை, இத்தியாதி.

ஆனி 24, வியாழன்

புழுதி. கண்ணுக்குள் மணல். கரவெட்டியிலிருந்து சைக்கிளில் எதிர்க்காற்றில் வந்து சேர்ந்தார் பாவம்.

இன்றைய பாடம்:
கதிரையில் இருக்கச் சொன்னால் இருக்க வேண்டும். (நம்மவர்கள் மரியாதை என்று நினைத்து இன்ரவியூ முடியும்வரை நின்றுகொண்டே இருக்கிறார்கள்.)
தகப்பன் வயல் செய்யும் கமக்காரர் என்றால் கமக்காரர்.
'சேர்' வாக்கியத்துக்கு ஒன்று போதும்.
தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். தலை போகாது.

க.மா. கெட்டிக்காரர். ஒருமுறை சொன்னால் போதும். வயிறெரிகிறது.

நடுவில் அண்ணை கிணற்றடிக்குத் தண்ணீர் குடிக்கப் போனார். அம்மாவும் அங்கே இல்லை. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல்:

"நீங்கள் ஏன் ஒரு வேலைக்கும் விண்ணப்பம் போடேல்லை?"

இருட்டுக்குள் யாரோ தொட்டதுபோல் இருந்தது.

"போட்டிருக்கிறன். கொழும்பிலை, படிப்பிக்க. ஆடி ஆறு வரச் சொல்லியிருக்கினம்."

"உங்களுக்கு விருப்பமோ?"

இந்த வீட்டில் யாரும் என்னிடம் கேளாத கேள்வி. "ஓம்," என்றேன். என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"அப்ப நான் பாஸ் பண்ணினா..." என்று தொடங்கினார். அதற்குள் அண்ணை செருமிக்கொண்டு வந்துவிட்டார்.

நல்ல மனுஷன் போலிருக்கிறது. கெட்டவராக இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஆனி 28, திங்கள்

இன்று சந்தோஷம். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

அம்மா சாத்திரியாரிடம் போய் நாள் கேட்டு வந்திருக்கிறார். ஆடி மாதத்தில் புதுக்காரியத்துக்கு வெளிக்கிடக் கூடாது. அதற்கும் ஊரில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ஆடி பிறக்குமுன் நல்ல நேரம் பார்த்துப் பெட்டியை மட்டும் அனுப்பி இன்னொரு வீட்டில் வைப்பது. பெட்டி வாசற்படலையைத் தாண்டினால் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. ஆள் பிறகு எந்த நாளிலும் போகலாம். ஆனால் ஆள் போகுமுன் அந்தப் பெட்டியைத் திரும்ப வீட்டுக்குள் எடுக்கக் கூடாது. க.மா.வின் பெட்டியும் கரவெட்டியில் இப்படி ஒரு வீட்டில் போய் இருக்கிறதாம்.

நான் கேட்கவேயில்லை. அம்மாதான் வந்து, "உன்ரை பெட்டியையும் அடுக்கு பிள்ளை. இண்டைக்கு நல்ல நாள்," என்றார்.

அம்மா! அம்மாவுக்கு நான் போவது விருப்பம்! இருபத்திரண்டு வயதில் அம்மாவை இன்றைக்குத்தான் சரியாகக் கண்டேன் போல இருந்தது.

பெட்டிக்குள்: நீலச் சேலை, வெள்ளைச் சேலை, கொழும்பில் வாங்கிய சப்பாத்து, பட்டச் சான்றிதழ், சரித்திரக் குறிப்புகள். எல்லாவற்றுக்கும் மேலே அம்மா தன் அரக்குப் பட்டையும் வைத்தார். கல்லூரிக்குப் பட்டு எதற்கு என்றேன். "இருக்கட்டும்," என்றார். தானே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். "நீ துலைச்சுப்போடுவாய்."

அண்ணை பெட்டியைச் சைக்கிளில் கட்டி, ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் இருக்கும் மாமி வீட்டுக்குக் கொண்டுபோனார். மாமி ஐயாவின் தங்கை. சைக்கிள் ஒழுங்கை முடிவில் தெருவுக்கு ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நேற்றுவரை நான் இந்த வீட்டுக்காரி. இன்று கணக்குப்படி பயணத்தில் இருக்கிறேன். சோறு வடிக்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டேன்.

ஆடி 1, சனி

ஆடிப்பிறப்பு. கூழ், கொழுக்கட்டை. பட்டதாரிகளுக்கு லீவு. கையெல்லாம் பனங்கட்டிப் பிசுக்கு. நாளை இரவு மெயில் ரயிலில் க.மா. போகிறார். புதனிரவு நானும் அண்ணையும்.

ஆடி 3, திங்கள்

அம்மா கோயிலுக்குப் போய்விட்டார், க.மா.வுக்காக. இந்நேரம் உள்ளே கூப்பிட்டிருப்பார்கள். இருந்தாரோ, நின்றபடியே நிற்கிறாரோ.

தேற வேண்டும் என்று நினைக்கிறேன். தேறக் கூடாது என்றும் நினைக்கிறேன். இரண்டும் உண்மை.

ஆடி 5, புதன்

பத்து மணிபோல் தந்தி. தெரிவாகிவிட்டார். ஐயா தந்தியை வாசிகசாலைவரை கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். அம்மா கற்கண்டு கொடுத்தார். எனக்கும் ஒரு கட்டி.

மத்தியானம் நான் முடி உலர்த்திக்கொண்டு இருந்தபோது ஐயா வந்தார். "ஏன் பிள்ளை தலை முழுகினனீ?"

"இண்டைக்கு மெயிலுக்கு."

"எந்த மெயில்?"

சொன்னேன். ஐயா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். பட்டதாரிப் பிள்ளைகளோடு கதைக்கும் அதே குரல்.

"ஆவணியிலை தாலி கட்டப்போற பிள்ளை, ஆடியிலை வேலை கேட்டுப் போறதோ? அவையள் என்ன நினைப்பினம்?"

"நீங்கள் சரி எண்டு சொன்னனீங்கள்."

"அவரின்ரை அலுவல் முடியட்டும் எண்டனான். முடிஞ்சுது. இனி உனக்கு என்னத்துக்கு உத்தியோகம்?"

அண்ணையைப் பார்த்தேன். அண்ணை சைக்கிள் சங்கிலியைப் பார்த்தார். அம்மா குசினியைவிட்டு வெளியே வரவில்லை. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. அயல் வீட்டு வேலியில் ஒரு ஓலைக் கிடுகு விலகிப் பிறகு மூடியது.

மெயில் கூவிக்கொண்டு போயிற்று. இங்கிருந்து அது நன்றாகக் கேட்கும்.

ஆடி 6, வியாழன்

சாப்பிடவில்லை. எழுதவும் ஒன்றுமில்லை.

ஆடி 8, சனி

க.மா.வும் தகப்பனும் வாழைக்குலையோடு வந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால், வழக்கமான இடத்தில்.

க.மா. சொன்னது: நான் தயாரித்த கேள்விகளில் முக்கால்வாசி அப்படியே வந்ததாம். யார் பழக்கியது என்று போர்ட்டுத் தலைவர் கேட்டாராம். ஒரு பெண் பட்டதாரி என்று சொன்னாராம். "அப்ப நாங்கள் அவவையல்லோ கூப்பிட்டிருக்க வேணும்," என்று தலைவர் சிரித்தாராம். இதைக் கேட்டு விறாந்தை முழுக்கச் சிரிப்பு. ஐயாதான் பெரிதாகச் சிரித்தார்.

பிறகு க.மா. கேட்டார், "அவ கொழும்புக்குப் போகேல்லையோ?"

"போவாதானே, ஆவணியிலை உங்களோடை!" ஐயா. மறுபடி சிரிப்பு.

க.மா. சிரித்த சத்தம் கேட்கவில்லை. ஆனால் மேலே ஒரு சொல்லும் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லத்தான் பழக்கினேன். தெரிந்ததைச் சொல்லவும் பழக்கியிருக்க வேண்டும்.

அவர்கள் போன பிறகு ஒரு யோசனை. கல்லூரிக்கு எழுதி, சுகமில்லை என்று சொல்லி, இன்னொரு நாள் கேட்டால் என்ன? சான்றிதழின் பிரதி வைத்து அனுப்ப வேண்டும். அது பெட்டிக்குள். திங்கள் மாமி வீட்டுக்குப் போகிறேன்.

ஆடி 10, திங்கள்

போனேன். மாமி மிளகாய் காயவிட்டுக்கொண்டு இருந்தார். பெட்டி சாமியறை மூலையில். மூடியில் சந்தனப் பொட்டு, செவ்வரத்தம்பூ. ஏன் பொட்டு என்று யோசித்தேன்.

"திறக்கேலாது பிள்ளை. சாவி கொம்மாவிட்டை."

"ஒரு கடுதாசிதான் மாமி எடுக்க வேணும். பெட்டியை நான் வீட்டை கொண்டுபோகேல்லை."

"இப்பவே தொடப்படாது. நல்ல காரியத்துக்கு வைச்ச பெட்டி. ஆவணியிலை இங்கையிருந்துதான் நேரை கொழும்புக்குப் போகும், மாப்பிள்ளையோடை."

இல்லை மாமி, இது கல்லூரிப் பயணத்துக்கு வைத்த பெட்டி என்றேன். மாமி மிளகாயைக் கிளறியபடியே சிரித்தார்.

"ஆர் சொன்னது? கொம்மா குடித்தனப் பயணத்துக்குத்தானே நாள் கேட்டவ. ஆவணியிலை உன்ரை நட்சத்திரத்துக்குத் தெற்கை போக நாளே இல்லையாம். ஆனி இருபத்தெட்டுத்தான் திறம் எண்டு சாத்திரியார் சொன்னவர்."

"எப்ப கேட்டவ?"

"எப்பவோ. நீ அந்தத் தம்பியைப் பழக்கத் தொடங்க முன்னம்."

மிளகாய்க் காரம் மூக்கில் ஏறிற்று. நல்லவேளை, கண்ணீருக்கு மாமி காரணம் கேட்கவில்லை.

நீலச் சேலையை நானே மடித்து வைத்தேன். சப்பாத்தை நானே துடைத்து வைத்தேன். பெட்டியை நானே தூக்கிச் சைக்கிளில் வைத்தேன். அம்மா அந்த அரக்குப் பட்டை, தன் கூறையை, மேலே வைக்கும்போதும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆடி 12, புதன்

காலையில் குசினியில் அம்மாவிடம் கேட்டேன். மறைக்கவில்லை. சாவி இடுப்பில்தான் இருந்தது, நெல்லறைச் சாவியோடு ஒரே கொத்தில்.

"என்னெண்டாலும் கொழும்புக்குத்தானே பிள்ளை போறாய்," என்றார். குரலில் கள்ளம் இல்லை. எனக்கு நல்லது செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டு இருக்கிறார். ஆகவே யாரோடு சண்டை போடுவது?

உடுக்க ஒழுங்கான சேலை இல்லை. நல்லதெல்லாம் பயணத்தில்.

க.மா.வின் தந்தியால் ஐயாவுக்கு ஊரில் பெயர் வந்துவிட்டது. மானிப்பாயிலிருந்துகூட ஆள் விடுகிறார்கள். நாலு மணிக்கு இணுவில் பி.ஏ. வருகிறார். கேள்விகளை எழுதி வைக்கட்டாம். எழுதி வைத்தேன்.

காற்று இன்னும் விழவில்லை. கதவு பாதி சாத்தினபடியே நிற்க அண்ணை ஒரு கல் கொண்டுவந்து முட்டுக் கொடுத்திருக்கிறார்.