கை நசுங்கிய நற்செய்தி

அன்புள்ள அப்பாவுக்கு,

காலையில் விரல்கள் மடங்குகின்றனவா? அம்மாவின் இருமல் தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். வலது கை கொஞ்சம் நசுங்கிவிட்டது. எல்லாம் நல்லதற்குத்தான்.

எங்கள் ஆராய்ச்சி வார்டில் நோயாளிகளோடு கைகுலுக்கவே மாட்டோம். உங்களைப் போலவே வீங்கிய மூட்டுகள், தொட்டாலே உயிர் போகும். யாருக்குப் புது மருந்து, யாருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை என்று இத்தனை மாதம் எங்களுக்கே தெரியாது. நேற்று முடிவு வெளியானது. அப்பா, மருந்து ஜெயித்துவிட்டது!

கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் கடையை மூடிய முடிதிருத்துபவர் ஒருவர் இன்று வந்தார். அவர் சாப்பிட்டது மருந்துதான் என்று சொன்னேன். டக்கென்று என் கையைப் பிடித்து நசுக்கினார்.

“ஐயோ, விடுங்க!”

“வலிக்குதா சிஸ்டர்? இன்னொரு தடவை கத்துங்க, காது குளிரக் கேட்டுக்கறேன்!”

கைதட்ட முடிந்தவர்கள் தட்டினார்கள், முடியாதவர்கள் விசிலடித்தார்கள்.

பச்சைத்தண்ணீரில் குளித்ததால்தான் உங்களுக்கு இது வந்தது என்று அம்மா சொன்னால் நம்பாதீர்கள். உடம்பைக் காக்க வேண்டிய படையே ஆள் தெரியாமல் சொந்த மூட்டுகளையே அடிக்கிறது. இந்தப் புது மருந்து உங்களுக்கும் கிடைக்கக் கொஞ்ச நாளாகும்; அதுவரை டாக்டர் கொடுத்த மாத்திரையை, வலி குறைந்தாலும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உங்கள் பழைய சட்டை ஒன்று, துவைக்காமல், உங்கள் வாசனையோடு அனுப்புங்கள். இங்கே கடையில் சட்டைக்குப் பஞ்சமில்லை, இருந்தாலும் அனுப்புங்கள். இந்த ஊருக்கு வந்தபின் என் கையை யாரும் இப்படிப் பிடித்ததில்லை.

வார்டில் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். நான் வரும்போது வாசலிலேயே நீங்கள் என் கையைப் பிடித்து நசுக்க வேண்டும். தெருவே திரும்பிப் பார்க்கும்படி நான் கத்த வேண்டும்.

உங்கள் வாயாடி