பெயர் தெரியாத மாம்பழமும் ராமலிங்கம் ஐயாவின் நாக்கும்

விக்கிரமங்கலம்
3-5-1982, திங்கள்

கொல்லையில் நிற்கிற மாமரம் காய்த்துவிட்டது. இந்த வீட்டை எங்களுக்கு விற்றுவிட்டுத் திருச்சிக்குப் போன வாத்தியார், "அது மலட்டு மரம், வெட்டி விறகாக்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். போயும் போயும் எங்களுக்கு விற்றாரே என்று ஊர்த்தெரு அவரைத் திட்டிய திட்டில் மரத்துக்கு ரோஷம் வந்துவிட்டது போலிருக்கிறது. கிளைக்குக் கிளை காய்.

இவர் சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர். போல்ட்டைக் கையில் எடுத்தாலே சைஸ் சொல்லுவார். மாங்காயைப் பார்த்து முழிக்கிறார். "இது என்ன ரகம்னு தெரியணும் ராசாத்தி" என்று ராத்திரிச் சோற்றிலும் அதே பேச்சு. தெரிந்து?

9-5-1982, ஞாயிறு

தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று இன்றைக்கு நேராகவே கேட்டேன். "ரகம் கண்டுபிடிக்கணும்னு கூப்பிட்டா வருவாங்கல்ல" என்றார்.

அப்படி வாருங்கள் வழிக்கு. கிரகப்பிரவேசத்துக்கு இவர் தெரு முழுக்கப் படியேறி அழைத்தார். வந்தவர்கள் வாசலிலேயே நின்று கும்பிட்டு, "வயிறு சரியில்லை" என்றார்கள். ஒரே நாளில் ஒரு தெருவுக்கே வயிறு கெட்டது. சுகாதாரத் துறைக்கு நான் ரிப்போர்ட் அனுப்பியிருக்க வேண்டும். காய்ச்சிய பால் பாத்திரத்தோடு திரிந்து போனது. அன்றோடு எனக்கு விஷயம் முடிந்தது. இவருக்கு முடியவில்லை. அந்தத் தெருவில் ஒருத்தராவது உள்ளே வந்து உட்கார்ந்து நம் தட்டிலிருந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும். இந்த மனுஷனுக்கு வேறு ஆசையே கிடையாது. எனக்கு எரிச்சலாக வருகிறது. பாவமாகவும் இருக்கிறது.

16-5-1982, ஞாயிறு

வைக்கோலில் வைத்தது பழுத்துவிட்டது. உருண்டைப் பழம், ஒரு தோள் மட்டும் தூக்கலாக. பழுத்தும் பச்சை முழுக்கப் போகவில்லை, மஞ்சள் அங்கங்கே கசிந்த மாதிரி. சிவப்பு மருந்துக்கும் இல்லை. காம்பருகே மோந்தால் ஏலக்காய் தட்டிப்போட்ட பாயசம். நார் இல்லை. கொட்டையை ஒட்டி வரும்போது நாக்கின் ஓரத்தில் சின்னதாய் ஒரு புளிப்பு. அந்தப் புளிப்புக்காகவே இன்னொன்று கேட்கும்.

எதிர்வீட்டு சம்பூர்ணம் கேட்டுக்கு வெளியே நின்று, "பங்கனப்பள்ளிதான், எங்கண்ணன் வூட்ல இருக்கு" என்றாள். அவள் அண்ணன் வீட்டில் எது இருக்கிறதோ அதுதான் உலகத்தில் உண்டு. ரிட்டையர்டான போஸ்ட்மாஸ்டர் 'செந்தூரா' என்றார். ஒரு பொட்டு சிவப்பு இல்லாத பழம்! கண் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தர நினைத்தேன்.

ஆளுக்கு நாலு பழம் வாங்கிப் போனார்கள். தோலோடு கொடுத்தால் பழத்துக்குத் தீட்டு கிடையாதாம். நாங்கள் கத்தி வைத்துவிட்டால் வந்துவிடுமாம். இவர் ஆசையாகத் தட்டில் நறுக்கி நீட்டியதைத்தான் ஒருத்தரும் தொடவில்லை. சம்பூர்ணத்தின் மகளுக்குப் பிள்ளை கொடி சுற்றிக்கொண்டபோது அதை எடுத்துப் போட்டது நர்ஸான என்னுடைய இந்தக் கை. பிள்ளை எடுக்க ஆகிற கை மாம்பழம் நறுக்க ஆகாது! எந்தப் புஸ்தகத்தில் படித்தார்களோ.

23-5-1982, ஞாயிறு

இன்று ராமலிங்கம் ஐயா எழுந்தருளினார். ஊரிலேயே பெரிய மாந்தோப்பு அவருடையது. கண்ணைக் கட்டிவிட்டால்கூட மோந்து பார்த்து ரகம் சொல்லிவிடுவார் என்று அரியலூர் வரைக்கும் பேர். அழைத்து வர இவர் எத்தனை நடை நடந்தார் என்று கேட்கவே எனக்கு வாய் கூசுகிறது.

உள்ளே வரவில்லை. கொல்லையிலேயே நாற்காலி போடச் சொன்னார். அதன் மேல் தன் துண்டை விரித்து உட்கார்ந்தார். பழத்தை உள்ளங்கையில் நிறுத்தார். தோளைத் தடவினார். மூக்கைத் திருகினார், பழத்தின் மூக்கைத்தான். மோந்தார். காதருகே வைத்துத் தட்டினார். அடுத்து நாக்கை நீட்டச் சொல்லி நாடி பிடிப்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நான் கத்தியும் தட்டும் கொண்டுவந்தேன். "வேணாம், எங்கிட்ட இருக்கு" என்று இடுப்பிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தார். எங்கள் வாழையிலேயே இலை அறுக்கச் சொல்லி, அதில் தானே நறுக்கிச் சாப்பிட்டார். ஒன்று. மறுபடி ஒன்று. சந்தேகத்துக்கு இன்னொன்று.

"நாட்டுக்கொட்டை முளைச்சதுடா மாயவா. ரகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரே நாரு. ஊறுகாய்க்கு ஆவும்."

"வாசம் நல்லா இருக்கேங்க?"

"வாசத்துல என்னா இருக்கு? மண்ணுன்னு ஒண்ணு இருக்குல்ல. உங்களுக்கு இது போதும்."

ஊறுகாய்க் காயை மூன்று தின்ற வாயைத் துடைத்துக்கொண்டு போனார். கூடை நிறையக் கட்டி வாங்கிக்கொண்டுதான். இவர் தெருமுனை வரைக்கும் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

24-5-1982

இவர் இன்று கொல்லைப் பக்கமே போகவில்லை. பழம் விழுகிற சத்தம் கேட்டும் போகவில்லை.

6-6-1982, ஞாயிறு

அடுத்த ஞாயிறு அரியலூரில் விவசாயக் கண்காட்சி. மாம்பழத்துக்குத் தனி மேஜையாம். சத்துணவுப் பிரசாரத்துக்கு எனக்கும் அங்கே டூட்டி. நம் பழத்தையும் எடுத்துப் போகிறேன் என்றேன். "ஐயாதான் சொல்லிட்டாரே" என்றார். ஐயா! எனக்குக் கெட்ட கோபம் வந்துவிட்டது. அவரு என்ன கடவுளா? தின்னாரே மூணு, அப்ப நாரு பல்லுல மாட்டலையா? கத்திவிட்டேன். பிறகு, பழத்தில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தது இவர்தான்.

13-6-1982, ஞாயிறு

உட்கார்ந்து எழுதியே ஆக வேண்டும். கை இன்னும் மணக்கிறது.

கண்காட்சியில் ருசி பார்க்கிற போட்டி. எல்லாப் பழத்தையும் தோல் சீவி நறுக்கி, யாருடையது என்று தெரியாமல் நம்பர் போட்டு வைக்க வேண்டும். தோட்டக்கலை அதிகாரி சென்னைப் பக்கத்துப் பையன், ஒன்றும் தெரியாது. "கை சுத்தமா இருக்கறவங்கதான் நறுக்கணும், அந்த நர்ஸம்மாவைக் கூப்பிடுங்க" என்றான். நான் போய் நின்றேன். கூட்டத்துக்கு நடுவில் ஊர்த்தெரு முகங்கள் ஒவ்வொன்றும் போன போக்கைப் பார்த்தேன். அதிகாரி எதிரில் யாரும் வாய் திறக்கவில்லை. மெல்ல நழுவினார்கள்.

ராமலிங்கம் ஐயா அப்போதுதான் வந்தார். பெரிய மனுஷன் இல்லையா, தாமதமாகத்தான் வர வேண்டும். அதிகாரி சும்மா சாப்பிட்டு ரகம் சொல்லச் சொன்னான். ஐயா கேட்பாரா? கூட்டம் பார்க்கிறது. மேஜைக்கு வருவதற்கு முன்னாலேயே தன் துண்டை எடுத்துக் கண்ணில் கட்டிக்கொண்டார். ஒருத்தர் கைபிடித்துக் கூட்டி வந்து என் எதிரில் நிறுத்தினார்.

ருமானி, நீலம், பாதிரி என்று சரியாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். பொய் சொல்லக் கூடாது, நாக்கு கெட்டிக்கார நாக்கு. பிறகு எங்கள் பழம். முள்கரண்டியில் குத்தி நீட்டினேன்.

மென்றார். நிறுத்தினார். முகமே மலர்ந்துவிட்டது.

"மல்கோவா. நம்ப தோப்பு கெணத்தடி மரம். வேற எவன் மண்ணுலயும் இந்த வாசம் வராது. இன்னொரு துண்டு குடுங்க."

கொடுத்தேன். இன்னொன்றும் கேட்டார். கொடுத்தேன். கூட்டம் கை தட்டியது. அதிகாரி சீட்டைப் பிரித்து, "விக்கிரமங்கலம், மாயவன்" என்று வாசித்தான்.

துண்டை அவிழ்த்தார். முதலில் கத்தியைப் பார்த்தார், பிறகு என்னை. "நல்லா இருந்துச்சுங்களா ஐயா?" என்றேன். சிரிக்காமல் கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். "வெயில்ல நாக்கு செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு நேரே குழாயடிக்குப் போனார். வாய் கொப்பளித்தார். விரலை விட்டு நாக்கை வழித்து வழித்துத் துப்பினார்.

என்னோடு வந்திருந்த இவர் குழாயடியில்தான் நின்றிருந்தார். முழுக்கப் பார்த்தார்.

பஸ்ஸில் நான் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். இவர் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். கீழப்பழுவூர் தாண்டிய பிறகுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

20-6-1982

அதிகாரி ஆள் அனுப்பியிருந்தான். கொட்டை விழுந்து தானாய் வந்த மரமாம், எந்த ரகத்தோடும் சேராதாம், ஒட்டுக் கட்டிப் பெருக்க வேண்டிய பழமாம். ஊருக்கே தெரிந்துவிட்டது. சம்பூர்ணம் இப்போது, "நான் அப்பவே சொன்னேன்ல" என்கிறாள். பங்கனப்பள்ளி என்றுதானே சொன்னாய்?

27-6-1982, ஞாயிறு

ராமலிங்கம் ஐயா வாசலில் வந்து நின்றார். யாரும் நடையாய் நடந்து அழைக்கவில்லை, தானாகவே.

"மாயவா, ஒட்டுக் கட்ட நாலு குச்சி வெட்டிக் குடு. பழமும் ரெண்டு கெடந்தா குடு, புள்ளைங்க கேக்குது."

இவர் உள்ளே வந்தார். கடைசிப் பழங்களில் பெரிதாக ஒன்றை எடுத்து, மணையில் உட்கார்ந்து தானே தோல் சீவி நறுக்கினார். தட்டில் வைத்துக் கொண்டுபோய் அவர் எதிரில் நீட்டினார்.

"சாப்புடுங்க. சாப்ட்டதும் குச்சி வெட்டித் தரேன்."

"தோலோட குடேன்டா, வூட்டுக்கு எடுத்துப் போறேன்."

"இல்லைங்க. இந்த மரத்துப் பழம் இனிமே நறுக்கித்தான் தரது."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பழத்தின் வாசம் எனக்கே வந்தது, அவருக்கு வராமலா இருக்கும்? தட்டையே பார்த்தார். தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

இவர் பின்னால் போகவில்லை. "ராசாத்தி, வா" என்று மட்டும் கூப்பிட்டார். வாசலில், தெருவே பார்க்க, இரண்டு பேரும் உட்கார்ந்து முழுத்தட்டையும் சாப்பிட்டோம்.