உனக்கு அடிக்காத மணி

என் பிரியமானவளே,

பேசாமல் இருந்தது போதும். பங்குனியில் உன்னை மண்ணுக்குக் கொடுத்த நாள் முதல் நான் சபையாரிடம் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடத்தைத் தவிர வேறு வார்த்தை இல்லை. ஜெபத்திலும் வாய் திறக்கவில்லை. நாளை கிறிஸ்துமஸ். இன்றும் பேசாவிட்டால் இனி எப்போதும் பேச மாட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

இதைச் சபைப் பத்திரிகைக்குத்தான் எழுதுகிறேன். "மறுபடியும் புகாரா?" என்று நீ தலையில் கை வைப்பது தெரிகிறது. நான் எழுதிய மனுக்கள் எத்தனை! எல்லாவற்றின் அடியிலும் என் பெயரும், அதற்குப் பக்கத்தில் எஃப்.ஏ. என்ற படிப்பும், தூரத்திலிருந்து படிக்கிற அளவுக்குப் பெரிதாக. "பேரைப் போடலேன்னா உங்களுக்குச் சோறு எறங்காது" என்று சிரிப்பாய்.

இந்த முறை புகார் உன்னைப் பற்றியது. நம் சபையில் ஒருவர் இறந்தால் கோயில் மணி அடிப்பார்கள். அது கேட்டால் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நிற்பவன்கூடக் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வருவான். மேஸ்திரியும் தடுக்க மாட்டார். உனக்கு அந்த மணி அடிக்கவில்லை.

காரணம் நான்தானாம். எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் வேலையைச் சபை மூப்பர் தன் மருமகனுக்கு வாங்கிக் கொடுத்த நாளிலிருந்து நான் கோயில் படி ஏறவில்லை. "கோயிலுக்கு வராத வூட்டுக்கு மணி கெடையாது" என்றாராம் மூப்பர். நீ ஒரு ஞாயிறு தவறியிருப்பாயா? என் கோபத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு தனியாகத்தானே போய் வந்தாய்?

பிள்ளை பெற்ற தொழிலாளி வீடுகளுக்கெல்லாம் கஞ்சி கொண்டுபோனவள் நீ. அந்த வீட்டு ஆண்கள் நீ போனது தெரியாமல் அன்று தொட்டியில் நின்றுகொண்டிருந்தார்கள். பெட்டி தூக்க ஆள் போதவில்லை. பக்கத்து வீட்டுச் சாயபு ஒரு பக்கம் தோள் கொடுத்தார். மாலையில் விஷயம் தெரிந்து ஓடிவந்தவர்கள் கல்லறை மேட்டில் ஈர மண்ணைத்தான் பார்த்தார்கள். இதை எப்படி மறப்பேன்?

நேற்று மாலை வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பாலாற்று மணலில் போவதும் வருவதுமாக நடந்தேன். கிறிஸ்துமஸ் பஜனைக் கூட்டம் வீடு வீடாகப் பாடிக்கொண்டு வரும் நேரம். முறைதான் உனக்குத் தெரியுமே: அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் கட்ட மாட்டார்கள், பஜனையும் அங்கே நிற்காது, விளக்கைத் தாழ்த்திப் பிடித்துப் பேசாமல் கடந்துவிடும். கடக்கட்டும் என்றுதான் நானும் புழக்கடை வழியாக உள்ளே வந்து, தெருக்கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

கூட்டம் வந்தது. கடக்கவில்லை. நம் வாசலில் நின்று பாட ஆரம்பித்தது.

செத்தவளுக்கு மணி இல்லை, இருப்பவனுக்குப் பாட்டா? கதவை உதைக்காத குறையாகத் திறந்தேன். கத்த வாயெடுத்தவன் தலைக்கு மேல் வெளிச்சத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். உன் நட்சத்திரம்! மூங்கில் பிளாச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டி நீ செய்தது. நம் கூரை ஒழுகுகிறது என்று வருஷா வருஷம் சாயபு வீட்டுப் பரணில் கொடுத்து வைப்பாயே, அது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சாயபு தன் வாசலில் நின்று கையைப் பிசைந்தார். "இன்னா வாத்தியாரே, தங்கச்சி நம்மள நம்பி வச்சுட்டுப் போன சாமான். டிசம்பர் மாசம் பொறந்ததும் வந்து கேக்கும். இந்த வாட்டி யாரும் கேக்கல. நம்ம பீபிதான் 'போய்க் கட்டுங்க, அந்த வூடு மட்டும் இருட்டா இருக்குது'ன்னா. தப்பா?"

அவருக்கு நம் முறை எப்படித் தெரியும்? 

நட்சத்திரத்தைப் பார்த்து, நான் துக்கத்தை விட்டுவிட்டேன் என்று நினைத்துப் பாடியவர்கள் மூன்றாம் சரணத்துக்கு வந்தார்கள். அது நம் வாசலில் நீ தனியாகப் பாடும் இடம். வேறு யாரையும் ஏற்படுத்தியிருக்கவில்லை போலும். டோலக்கு மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த வெற்றிடத்தை என்னால் தாங்க முடியவில்லை. நீ அடுப்படியில் முணுமுணுத்து எனக்கு மனப்பாடம் ஆன வரிகள். ராகம் எனக்கு ஏது? வகுப்பில் ஒப்பிப்பதுபோல ஒவ்வொரு வரியாகச் சொன்னேன்.

"வாத்தியார் டிக்டேஷன் போடறாருடோய்!" என்றான் டோலக்குக்காரன். பெண்கள் சிரித்தார்கள், அழுதுகொண்டே. நானும் சிரித்தேன். உனக்குக் கேட்டதா?

கூட்டம் நகர்ந்த பின், அதோடு வந்திருந்த மூப்பர் மட்டும் நின்றார். நான் கேட்டேவிட்டேன்: "அவளுக்கு ஏன் மணி அடிக்கல?"

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "உன் மேல இருந்த கோவம்யா. அவ மேல இல்ல. வெக்கம் வந்து மணிக்கயித்தண்ட போறதுக்குள்ள அடக்கம் முடிஞ்சி போச்சு. அப்பாலேர்ந்து அந்தக் கயித்தத் தொடவே கை கூசுது." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "நாளானிக்கு விடியக்காலம் பண்டிகை மணி. நீ வந்து அடிக்கறியா வாத்தியாரே?" என்றார்.

நான் உள்ளே போனேன். கதவைச் சாத்திக்கொண்டேன்.

இன்று காலையிலிருந்து கூடத்துக்கும் வாசலுக்கும் நடக்கிறேன். ஆறுதல் வந்துவிட்டது என்று எழுதினால் பொய். ஆனால் ஒன்று. "கல்லறையண்ட நின்னு ஆண்டவரும் அழுதாருங்க, அழுவுறவங்கள அவருக்குத் தெரியும்" என்பாய். படித்த திமிரில் கேட்டும் கேளாமல் இருப்பேன். இப்போது அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மாட்டுக் கொட்டகையில் பிறந்த தேவனுக்கு இந்த ஊரின் தோல் நாற்றம் புதிதாக இராது. என் மனசின் நாற்றமும் புதிதாக இராது அல்லவா? இதற்குள் வர அவர் கூசவில்லை என்றால், கோயில் படி ஏற நான் ஏன் கூச வேண்டும்?

அதனால் உனக்கு ஒரு வாக்கு. நாளை விடியலில் அந்தக் கயிற்றை நான் பிடிப்பேன். ஊர் அதைப் பண்டிகை மணி என்று நினைக்கட்டும். முதல் அடி உனக்கு. எந்தத் தெருவில் இருந்தாலும் கேட்கும்படி அடிப்பேன்.

எழுதி முடித்ததும் பழக்கத்தில் பேனா என் பெயருக்குப் போனது. முதல் எழுத்தைப் போடுமுன் நிறுத்திவிட்டேன். பெயரைப் போட்டால் நம் மூப்பர் யாரென்று ஜில்லா முழுவதும் தெரியும். அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. என் பெயரை எழுதாமல் விடுவதற்கு மட்டும் வருகிறது. அப்படியே தபாலில் போடப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்