திறந்துவிட்ட விடை

திருப்பதி, வியாழன் இரவு.

எங்கள் ஆய்வகத்தில், குளிரவைத்துச் சிறைபிடித்த அணுக்களில் மின்னூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்று அளக்கிறோம். விடை முன்பே தெரிந்தால் நமக்குப் பிடித்த அளவீடுகளை மட்டும் வைத்துக்கொள்வோம். அதனால் கணினி ஒரு ரகசிய எண்ணைக் கூட்டி விடையை மறைத்துவைக்கிறது. எந்த அளவீடுகளை நீக்குவது என்று முடிவான பிறகு, கடைசியில்தான் திறக்க வேண்டும்.

இன்றே பேராசிரியர் திறந்துவிட்டார். நாளை நிதி தரும் குழு வருகிறதாம்.

"ஒரு வாட்டி பாத்தா தேஞ்சா பூடும்? என்னாத்துக்கும்மா பயந்துக்கினு கீற?" என்றவர், பரீட்சை முடிவு போல எண்ணை உரக்கப் படித்தார். "ஜீரோ இல்லம்மா, சாஞ்சுதான் கீது! ஆராய்ச்சிப் பேப்பர் வந்துடுச்சு!"

இவர்தான் எங்களுக்கு ஆய்வு நேர்மை பற்றி வகுப்பெடுப்பவர்.

மாலையில் சந்தேகமான ஓர் அளவீடு கண்ணில் பட்டது. நீக்கினால் அவருடைய எண் சுருங்கி ஜீரோவை நெருங்கும். எவ்வளவு ஆசையாக நீக்கப் போனேன். அது பழுது என்றா, அவர் தோற்கட்டும் என்றா? எனக்கே தெரியவில்லை.